ஒரு சிட்டிகை உப்பு

"கொழந்தைக்கு உப்பு வாணாம்னு நான்தாம்மா சொன்னேன்."

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், தோல் கம்பெனியில் வேலை செய்பவர் ஒருவர் பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொன்னார். அவர் மனைவி மடியில் பேதியில் துவண்ட குழந்தை.

"பச்சத்தோலுக்கு தெனம் உப்பு போடறேன். தண்ணியெல்லாம் வெளிய வந்துடுது. அதான் வெறும் சக்கரத்தண்ணி குடுத்தோம்."

"தோலுக்கு நீ அள்ளி அள்ளிப் போடறப்பா. இதுக்கு ஒரு சிட்டிகைதான். உப்பும் சக்கரயும் சேந்து போனாத்தான் கொடலு தண்ணிய உள்ள இழுக்கும். கண்ணு குழி உழுந்துடுச்சு பாரு!"

பள்ளிகொண்டாவில் பஸ் நின்றதும் குழந்தையின் அப்பா ஓடிப்போய் டீக்கடையில் உப்பு, சர்க்கரை, ஆறின வெந்நீர் வாங்கிவந்தார். உப்பை அள்ளப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீயே போடு," என்றார் மனைவியிடம். "என் கைக்குக் கொஞ்சமா எடுக்கத் தெரியாது."