முதல் பெயர்

“இனிமே கவிதாவோட அப்பாதான் ஃபேமஸ் ஆகப் போறாரு.”

சிங்கப்பூரில் பொங்கோல் போகும் ரயிலில், மடியில் லேப்டாப் வைத்திருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்.

“ஏன்?”

“எங்க டீமோட ஆராய்ச்சிப் பேப்பரை இன்னைக்கு ஜர்னலுக்கு அனுப்பறோம்ல. ‘சர்நேம்’னு கேட்ட இடத்துல அவ அப்பா பேரைப் போட்டு வச்சிருக்கா. நாளைக்கு தங்களோட கட்டுரையில நம்ம பேப்பரைக் குறிப்பிடுறவங்க எல்லாரும் முருகேசன்னுதான் எழுதுவாங்க. கவிதாங்கிற பேரே வராது.”

“அவகிட்ட சொல்லலையா?”

“கம்ப்யூட்டர் கோட் முழுக்க எழுதினது நான்லா. ஆசிரியர் பட்டியல்ல முதல் பேரு மட்டும் அவளோடது. நான் எதுக்குச் சொல்லணும்?”

தோழி சிரிக்கவில்லை. “சரி, உன் பேரை எப்படி எழுதுவாங்க?”

லிட்டில் இந்தியா நிலையத்தில் கதவு திறந்து மூடுவதற்குள், அவள் திரையில் இருந்த ஆசிரியர் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள்.

“முருகேசன் மற்றும் பலர்.”