இலை காயும் வரை

எலூனெட்: ஈவர்! சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கீங்க?

ஈவர்: இங்கேதான். நத்தை பொறுக்கிட்டிருக்கேன். என்ன, இந்த வருசமும் பூ வேணுமா?

எலூனெட்: வாயைத் திறக்கறதுக்குள்ளே...

ஈவர்: நாளைக்குப் பூ ஞாயிறு. பூ வைக்கறதுக்காக ஊரே கல்லறையைத் தேய்ச்சுக் கழுவிட்டிருக்கு. உன் கையில வாளி இருக்கு, பூ இல்லே. இதுக்கு ஜோசியமா பாக்கணும்?

எலூனெட்: என் டாஃபடில் பூரா வெறும் இலை. மருந்துக்குக்கூட ஒரு மொட்டு இல்லே.

ஈவர்: போன வருசமும் இதே பாட்டு.

எலூனெட்: கிழங்குக்கு வயசாயிடுச்சு போல... என்னை மாதிரி.

ஈவர்: அதுக்கு ஏது வயசு? சும்மா விட்டா நம்மளைப் புதைச்ச பிறகும் பூக்கும். பூ வாடினதுமே இலையை வெட்டிட்டே, அதானே?

எலூனெட்: பரட்டைத்தலை மாதிரி கிடந்துச்சு...

ஈவர்: தானா மஞ்சளாகிக் காயணும். அதுவரைக்கும் இலைதான் கிழங்குக்குச் சோறூட்டுது. உன் புருசன் குவிலிம் இருந்தவரை உன்னைத் தொட விட்டானா?

எலூனெட்: இப்ப அவர் கல்லறைக்கே பூ இல்லாம நிக்கறேன். தருவீங்களா மாட்டீங்களா?

ஈவர்: சுவரோரத்து வரிசை உன்னோடதுதான். எட்டிக் கிள்ளிக்கோ.

எலூனெட்: இந்தாங்க, திராட்சை ரொட்டி. இன்னைக்குச் சுட்டது... ஈவர், வாசல்ல பலகை நட்டிருக்காங்களே. வீட்டை வித்தாச்சா?

ஈவர்: ம்... என் பொண்ணு காத்ரின் வேலை. கார்டிஃப்ல அவ வீட்டு மாடியறையை ஒழிச்சு வச்சிருக்கா. அவ அம்மா ஓல்வென் கண்ணை மூடினதுலேர்ந்து இதே பேச்சு. அப்பா தனியா இருக்கக் கூடாதாம்.

எலூனெட்: நல்லதுதான்.

ஈவர்: நல்லதுதான்.

எலூனெட்: தோட்டம் இருக்கா அங்கே?

ஈவர்: ஜன்னல்ல ஒரு தொட்டி. அடுத்த பூ ஞாயிறுக்கு ஓல்வெனுக்கும் ஒரு கொத்து வைப்பியா? உன் பூவே போதும். இலையை மட்டும் வெட்டாதே.

எலூனெட்: வெட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா ஈவர்? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து டாஃபடில் வளர்க்கறேன்.

ஈவர்: அப்புறம் ஏன்...

எலூனெட்: என் தோட்டத்துலேயே பூ இருந்தா, இந்தச் சுவர்கிட்ட வர எனக்கு என்ன சாக்கு இருக்கு? சிரிக்காதீங்க.

ஈவர்: சிரிக்கலே. நீ கத்தரிக்கோலோட நின்னதைச் சமையலறை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். அதுக்கப்புறம்தான் சுவரோரம் அந்த வரிசையை நட்டேன்.

எலூனெட்: பார்த்தீங்களா! ஒரு வார்த்தை சொல்லலையே...

ஈவர்: சொன்னா நீ வெட்டறதை நிறுத்திடுவியே.

எலூனெட்: எப்போ கிளம்பறீங்க?

ஈவர்: காத்ரின் அடுத்த வாரம் ஈஸ்டருக்கே வரச் சொன்னா. கிழங்கையெல்லாம் தோண்டி எலூனெட்டுக்குக் கொடுக்கணும், இலை காயாம தோண்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்.

எலூனெட்: இலை காய எவ்வளவு நாளாகும்?

ஈவர்: உனக்குத் தெரியாதா?

எலூனெட்: தெரியும். நீங்க சொல்லுங்க.

ஈவர்: காஞ்சுடுச்சான்னு நீ தினமும் வந்து பாரு... நான் தினமும் தண்ணி ஊத்தறேன்.