பக்கத்து இருக்கையில் டாக்டரம்மா

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர்களே, வாரந்தோறும் என்னோடு நீல நாற்காலிகளில் காத்திருந்த நண்பர்களே, வணக்கம்.

நம் டாக்டரம்மாவின் நினைவுக் கூட்டத்துக்காக இந்த இரண்டு பக்கங்களை நானே எழுதினேன். ஆறு நாள் ஆயிற்று. எழுத்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. படிக்கையில் நின்று நின்று போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரொட்டி வண்டி ஓட்டுபவன். வேகத்தடையில் வண்டி குலுங்கினால் போதும், யார் மீதோ ஏற்றிவிட்டேன் என்று மனம் அடித்துக்கொள்ளும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். சாலை காலியாக இருக்கும். வரும் வழியில் அதே தடை மறுபடி குலுக்கும். காலை ரொட்டி கடைகளுக்கு மதியம் போய்ச் சேர்ந்தது. இப்படியே போனால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார் முதலாளி.

என் மனைவி கூடவே வந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் யாரும் இல்லை என்பாள். நல்லது என்றுதானே செய்தாள்? அந்தச் சொல் அடுத்த தடை வரைதான் தாங்கும் என்று கண்டுகொண்டவர் நம் டாக்டரம்மா. இது எண்ணச் சுழற்சி நோய் என்றார். மனைவியை இறங்கச் சொன்னார்.

பயம் நூற்றுக்கு எத்தனை என்று தினமும் எழுதச் சொன்னார். எனக்கு எழுதத் தெரியாது. நான் தொண்ணூறு என்று சொல்ல, மானம் போகிறதென்று மனைவி முப்பது போட்டாள். ஒரு வாரம் தாளில் மட்டும் குணமாகியிருந்தேன். டாக்டரம்மா தாளைப் பார்த்தார். எழுத்து யாருடையது என்று கேட்டார்.

"பயம் உங்களோடது. நீங்கதான் எழுதணும்."

எண்ணில் தொடங்கினேன். அறுபத்தேழு வயதில் 'அ' எழுதிய அன்று, ரொட்டி போடும் கடைகளில் எல்லாம் அதைக் காட்டினேன்.

எந்த மருத்துவர் ரொட்டி வண்டியில் ஏறுவார்? இவர் ஏறினார். தடை குலுக்கியது.

"யாராவது அடிபட்டாங்களா, டாக்டரம்மா?"

"இருக்கலாம். எனக்குத் தெரியல. ஓட்டுங்க."

"இப்படிச் சொன்னா எப்படிம்மா ஓட்டுறது?"

"பயத்தோடதான்."

சட்டை நனைந்தது. திரும்பவில்லை. தொண்ணூற்றைந்தில் நின்ற பயம், யாரும் இறக்காமல் தானாக நாற்பதுக்கு வந்தது. பதினொரு வாரம் அப்படி ஓட்டினோம். சாவி இன்றும் என்னிடம் இருக்கிறது.

டாக்டரம்மா இன்று இல்லை. இங்கே ஓர் ஆசிரியை வந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடு சொல்கிறேன், அவருக்கும் இதே நோய். ஏழு மாதமாகக் காரைத் தொடவே இல்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா அவரோடு போவதாக இருந்தது. இனி யார் போவது? தலைமை மருத்துவரிடம் கேட்டுவிட்டேன், நான் போகிறேன். எப்படி ஓடியது என்று அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவந்து அவரிடம் தருவேன்.

ஆசிரியை அம்மா, வழியில் நீங்கள் எத்தனை முறை கேட்டாலும், நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.