மேலே இருந்த முக்கோணம்

டிராயிங் பார்க்கும்போது மட்டும் நான் கண்ணாடி போட்டுக்கொள்வேன் சார். பார்வையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபோர்மேன் என்றால் ஆட்களுக்கு ஒரு மரியாதை வர வேண்டும் இல்லையா? ஓசூரில் இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங் ஷாப் பார்க்கிறேன். டிராயிங்கைச் சரியாகப் படித்தாலே பாதி வேலை முடிந்தது என்று, புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும் சொல்லியிருக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனிக்குப் பெரிய இரும்புத் தொட்டி செய்தோம். கிரேன் கொக்கியை மாட்ட அதன் தலையில் நான்கு காதுகள். ஒரு பக்கம் வெல்டிங் போதும் என்று சொல்லிவிட்டேன். வெல்டர் ஜாக்சன் டிராயிங்கை எட்டிப் பார்த்தான். நல்ல வேலைக்காரன், குறை சொல்ல மாட்டேன்.

"அண்ணே, கோட்டுக்குக் கீழயும் முக்கோணம் இருக்கு, மேலயும் இருக்கு. அப்ப ரெண்டு பக்கமும் அடிக்கணும்ணே."

ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். மாதப்பன் பக்கத்து ஆளிடம் கன்னடத்தில் என்னவோ சொன்னான், இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும், அதுதான் வினை.

"இங்க ஃபோர்மேன் நானா, நீயா?" என்று கேட்டேன். ஒரு பக்கம்தான் அடித்தான்.

சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து டிராயிங்கை மறுபடி பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. மறுபக்கமும் அடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. ஆனால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று பேசினால் நாளைக்கு எவன் மதிப்பான்? நீங்களும் ஸ்டேஷனில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர், உங்களுக்குப் புரியும்.

மூன்று மணிக்குக் கிரேன் வந்தது. தொங்கும் தொட்டியை லாரிக்கு நேராகத் திருப்பிவிடக் கீழே ஒரு ஆள் வேண்டும். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். ஜாக்சனைக் கூப்பிட்டேன். அவன் காதுகளையே பார்த்துக்கொண்டு தயங்கினான்.

"ஏன்டா, நீ அடிச்ச வெல்டிங்மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

இந்த முறை எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைக்க மாட்டேன். அவன் ரோஷக்காரன், போய் நின்றான். தொட்டி ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியதும் இரண்டு காதுகள் பிய்த்துக்கொண்டு வந்தன.

ஆம்புலன்ஸ் போன பிறகு, மேலே இருந்த முக்கோணத்தைப் பிளேடால் சுரண்டிவிட்டு நகல் எடுத்தேன். உங்களிடம் முதலில் கொடுத்தது அதுதான். ஜாக்சன் தப்பாகப் படித்துவிட்டான் என்று அவன் மனைவி ஜெபசீலியிடமும் சொன்னேன்.

"அவரு டிராயிங்க தப்பா படிக்கவே மாட்டாருங்க" என்றாள்.

கூழ் கம்பெனிக்காரர்கள் அசல் டிராயிங்கை அனுப்பிவிட்டார்களாம். அதனால்தான் நாம் இப்போது உண்மை பேசிக்கொண்டிருக்கிறோம். கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் காது தாங்காது என்பது அங்கே இரண்டே பேருக்குத்தான் தெரியும். நான் தள்ளி நின்றேன். தெரிந்தும் கீழே போய் நின்றவன் அவன்தானே சார்.