பதினாலாம் பக்கம் பார்க்க

…அதத்தான் தம்பி நானும் கேக்குறேன். அச்சடிக்கிறதுக்கு முந்தி ஒங்க கம்பனியில ஒருத்தராவது அந்தப் பொஸ்தகங்கள மொதல்லருந்து கடைசி வரைக்கும் வாசிச்சிப் பாத்தாங்களா? நாலே நாலு பொஸ்தகம். அதுல ஒன்னு வெறும் பன்னெண்டு பக்கம். பன்னெண்டு பக்கம் வாசிக்கிறதுக்குக் கொழும்புல ஆளில்லையா? நான் அரிசி வெந்து முடியிறதுக்குள்ள வாசிச்சிடுவேன்.

உக்காருங்க, உக்காருங்க. சப்பாத்து ஈரமா இருந்தா என்ன, இந்த ஊருல எது காஞ்சி கெடக்கு? லிந்துலையிலருந்து வாறதுக்குள்ள நாலு மழை பாத்திருப்பீங்க. இந்தாங்க, பிளேன்டீ. சீனி தனியா வச்சிருக்கேன். கொழும்பு ஆளுங்க இப்ப சீனி தொடுறதில்லையாமே.

ஏஞ்சலா வந்துடுவா. ஒங்களுக்கு டீயோட கடிக்கன்னுதான் டவுனுக்கு ரோல்ஸ் வாங்கப் போயிருக்கா. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. மகள் வாயத் தொறக்கல, ஆனா நான் பெத்த புள்ள, மூஞ்சப் பாத்தாத் தெரியாதா? இந்த மாசத்தோட ஆறு மாசம் முடியுது. அவள நிரந்தரமா வச்சிக்கிறதா, போன்னு சொல்றதான்னு நீங்கதான் எழுதிக் குடுக்கணும். பொஸ்தகத்துல தப்பு வந்தது எப்பிடின்னு விசாரிச்சிட்டு எழுதுவீங்க. அதானே? தலைய ஆட்டுறீங்க. சரி, விசாரிங்க. ஆனா மொதல்ல நான் பேசி முடிச்சிடுறேன்.

ஒரு பொம்பள புள்ள வீட்டுல இருந்து வேல செய்றான்னா வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு சொகமாத்தான் தெரியும். நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். இந்தா, இந்த ஜன்னல் ஓரத்துலதான் சிக்னல் வருதாம். அதனால என் தையல் மெஷின் குசினிக்குப் போயிடிச்சி. ஒன்பது மணிக்கு மீட்டிங்னா நான் தேங்கா துருவக் கூடாது. பத்து மணிக்கு மீட்டிங்னா குக்கர் வைக்கக் கூடாது. ஒரு நாளு விசில் அடிச்சிடிச்சி, ஒங்க பெரியவர் ஒருத்தர் அந்தப் பக்கம் இருந்து, “இஸ் தட் அ ட்ரெயின்?”னு கேட்டாராம். மகள் ஆமான்னு சொல்லிட்டா. எங்க வீட்டுக்குள்ள ரயில் ஓடுதுன்னு ஒங்க ஆபீஸ்ல நம்பிக்கிட்டு இருக்காங்க.

இருங்க, அந்தக் கம்பியூட்டர இப்ப தொறக்காதீங்க. நான் இன்னும் முடிக்கல.

அவ செய்ற வேல என்னான்னு எனக்கு வெளங்கவே ரெண்டு மாசம் எடுத்திச்சி. பொஸ்தகம் எழுதுறேன்னா. பேருக்கு ஒரு பொஸ்தகம் காட்டுன்னேன். இந்த தேயில பெக்டரி மெஷின்களப் பத்தின பொஸ்தகமாம். கொழுந்து வாட்டுற காத்தாடிக்கி ஒன்னு, ரோலருக்கு ஒன்னு, டிரையருக்கு ஒன்னு, சலிக்கிற மெஷினுக்கு ஒன்னு. சரி, எழுதட்டும். ஆனா எழுதுற விதம் இருக்கே, அத எந்தக் கொன்வன்ட்லயும் சொல்லிக் குடுக்கல. அவசரத்துக்கு மெஷின நிப்பாட்டுறது எப்பிடின்னு ஒரு துண்டு. அத ஒரே ஒரு தடவதான் எழுதுறாங்க. எழுதி, நாலு பொஸ்தகத்துலயும் அதையே சொருகுறாங்க. துண்டு ஒன்னு, வீடு நாலு. நாளைக்கி அதுல ஒரு வரிய மாத்தினா நாலு பொஸ்தகத்துலயும் தன்னால மாறிடுமாம். “பாத்தியாம்மா, எவ்வளவு லேசு?”ன்னா. நானும் லேசுதான்னு சொல்லிட்டுப் பருப்பக் கெளறப் போயிட்டேன். ஒரு எடத்துல திருத்தினா நாலு எடத்துல திருந்தும்னா, ஒரு எடத்துல கெட்டா நாலு எடத்துல கெடும்னு அவளும் சொல்லல, எனக்கும் தோணல.

ஒங்களுக்குச் சிரிப்பு வருது. லிந்துலையில வந்திருக்காது.

எனக்கு அதுவும் தெரியும். என் கூட்டாளி ராசம்மாவோட தங்கச்சிதான் வீரம்மா. லிந்துலை பெக்டரியில டிரையர் பக்கத்துல வேல. பஸ் ஸ்டான்ட்ல கண்டு, வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னா. கொழும்புலருந்து ஒரு தம்பி வந்தாராம், நல்லா வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு. முப்பது பேர நிக்க வச்சி, மெனேஜர் தொரைக்கி முன்னுக்கு, புது டிரையர் பொஸ்தகத்த ஆளுக்கொன்னு குடுத்தாராம். கை மாட்டிக்கிட்டா, தீப்பொறி பறந்தா, மெஷின நிப்பாட்டுற பொத்தான் எங்க இருக்குன்னு பதினாலாம் பக்கம் பாருங்கன்னாராம். எல்லாரும் பெரட்டினாங்களாம். நீ வாசிம்மான்னு வீரம்மாவப் பாத்துக் கைய காட்டினாராம். அவ சத்தமா வாசிச்சிருக்கா. “மெல்லிய ஈரத்துணியால் மெதுவாகத் துடைக்கவும். அவசரப்பட வேண்டாம்.”

பொறவு கேட்டாளாம், “சார், கை மாட்டிக்கிட்டா மெதுவா தொடைக்கணுமா, கொஞ்சம் வேகமா தொடைக்கலாமா?”

அந்த வெள்ளச் சட்ட நீங்கதான்னும் எனக்குத் தெரியும். மனசுல வச்சிக்காதீங்க தம்பி. வீரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மெஷின் ஓடாம இருந்திச்சே, அதுக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நான் ஏத்திட்டேன். நெசமா ஏத்திட்டேன்.

அதே மாதிரி எங்க கோயில்லயும் ஒரு கூத்து நடந்திச்சி. போன வருஷத் திருநாள். பெரிய கோயிலுக்கும் ரெண்டு தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கும் ஒரே நவநாள் செபம். உபதேசியார் பெரிய கோயில் பொஸ்தகத்துலருந்து செபத்த அப்பிடியே தூக்கிச் சின்னக் கோயில் பொஸ்தகத்துல போட்டுட்டாரு. அதுல “பதிலுரைக்கு ஆறாம் பக்கம் பார்க்க”ன்னு இருந்திருக்கு. பெரிய கோயில் பொஸ்தகத்துல ஆறாம் பக்கம் பதிலுரை. சின்னதுல ஆறாம் பக்கம் விளம்பரம். சாமியார் மன்றாடுறாரு, சனம் எல்லாம் ஒரே குரல்ல, “பந்தல், கதிரை, ஒலிபெருக்கி வாடகைக்கு விடப்படும்.” ரெண்டு தடவ சொல்லிட்டாங்க தம்பி. மூணாவது தடவ வாறப்பதான் யாரோ சிரிச்சிருக்காங்க.

மறுநாளு அந்த எரநூறு பொஸ்தகத்தையும் இந்த மேசையில குமிச்சி வச்சி, செவப்புப் பேனா எடுத்து, ஆற வெட்டி நாலுன்னு நான் ஒருத்தி திருத்திக் குடுத்தேன். எரநூறும். கொன்வன்ட்ல எங்க சிஸ்டர் அப்பிடித்தான் பழக்கினாங்க. தப்பக் கண்டா பேனாவ எடு, யாரையும் கூப்புடாத. அன்னையிலருந்து கோயில்ல எந்தக் காயிதம் அச்சடிச்சாலும் பெற்றீசியா அக்காகிட்ட ஒரு தடவ காட்டுங்கன்னுதான் பேச்சு. எனக்கும் கொஞ்சம் தல கனம் வந்திடிச்சின்னு வச்சிக்கங்களேன்.

மணியப் பாக்கிறீங்க. ரோல்ஸ் வரும்.

எங்க வீட்டுக்காரர ஒங்களுக்குக் காட்டல. பின்னுக்கு வெறகு வெட்டிக்கிட்டு இருக்காரு, சத்தம் கேக்குதில்ல. முப்பது வருஷம் பெக்டரியில மெஷின் திருத்துற பிட்டரா இருந்த மனுசன். எடது கையில மோதிர வெரல் பாதிதான். ரோலர் கடிச்சது. பொத்தான் எங்கன்னு அவருக்குத் தெரியும், பக்கத்துல நின்ன புதுப் பொடியனுக்குத் தெரியல. அவ்வளவுதான் கத, அவரு அதப் பத்திப் பேசுறதில்ல. ஆனா ஒங்க கம்பனிக்கிப் போன மொத வாரம், அந்த நிப்பாட்டுற துண்ட எழுதுறதுக்கு ஏஞ்சலா அப்பாவ இந்தக் கதிரையில ஒக்கார வச்சிக் கேட்டுக் கேட்டு எழுதினா. எந்தக் கை பொத்தானுக்குப் போவும், எத்தன எட்டு எடுத்து வைக்கணும், பயத்துல கண்ணு எங்க பாக்கும். நாலு நாளு. எட்டு வரிதான் வந்திச்சி. மத்தத் துண்டெல்லாம் அவ வேலைக்கி எழுதினது. அந்த எட்டு வரிய அவ வேலைக்கி எழுதல.

அந்த எட்டு வரியிலதான் தப்பு வந்திச்சி, பாருங்க. வேற எதுலயும் வரல.

ஒங்களுக்கு இப்ப என்ன தோணுதுன்னு தெரியும். கவனமில்லாத புள்ள, பொஸ்தகத்துக்குப் பொஸ்தகம் பக்கம் மாறும்னு தெரியாம பதினாலுன்னு கையால அடிச்சி வச்சிருக்கான்னு. அவ அப்பிடி அடிக்க மாட்டா தம்பி. அவளுக்குத் தெரியும். அந்தத் துண்டுல பக்க நம்பரே இருக்காது. நம்பர் வர வேண்டிய எடத்துல ஒரு சின்னக் கட்டம், அதுக்குள்ள “பொத்தான் படம்”னு பேரு மட்டும். துண்டு எந்தப் பொஸ்தகத்துக்குப் போகுதோ அந்தப் பொஸ்தகத்துல படம் எங்க இருக்குன்னு அது தன்னாலயே தேடி, அந்த நம்பரப் போட்டுக்கும். காத்தாடிப் பொஸ்தகத்துல ஒன்பது. டிரையர்ல எட்டு. ரோலர்ல பதினாலு. சலிக்கிற மெஷின் பொஸ்தகத்துல அஞ்சு. பதினாலாம் பக்கமே இல்லாத பொஸ்தகம் அது.

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்குறீங்களா? நீங்க கேக்கல, கண்ணு கேக்குது.

ஒரு சனிக்கெழம. தமிழ்ல எழுத்துப் பிழை இருக்கான்னு பாரும்மான்னு ரோலர் பொஸ்தகத்த அச்சடிச்சி ஏங் கையில குடுத்தா. வேற ஒன்னும் குடுக்கல. கம்பியூட்டரத் தொடாதன்னு சொல்லிட்டுத்தான் குளிக்கப் போனா. சுடுதண்ணி அடுப்புலருந்து எடுத்துக் கலக்கணும், அரை மணி நேரம் ஆவும். திரையில அதே துண்டு தொறந்து கெடந்திச்சி. ஏங் கையில இருக்கிற காயிதத்துல “பொத்தானின் இடத்துக்கு 14ஆம் பக்கம் பார்க்க”ன்னு இருக்கு. திரையில பாத்தா நம்பரக் காணல. கட்டம்தான் இருக்கு. பாவம் புள்ள, அவசரத்துல நம்பர் போட மறந்துட்டான்னு நெனச்சேன். பந்தல் கதிரை ஒலிபெருக்கி ஞாபகம் வந்திடிச்சி. கட்டத்த அழிச்சேன். பதினாலுன்னு அடிச்சேன். பக்கத்துல இருந்த பச்சப் பொத்தானையும் அமுக்கினேன், சேமிக்கவான்னு கேட்டிச்சி. நல்லா மரியாதையாத்தான் கேட்டிச்சி. ஆமான்னேன்.

பெருமையா இருந்திச்சி தம்பி. அதையும் மறைக்கல. அன்னைக்கி மத்தியானம் பருப்புக்கு உப்பு ரெண்டு தரம் போட்டேன், அவ்வளவு சந்தோசம்.

அவ குளிச்சிட்டு வந்து பாக்கல. அவ எழுதி முடிச்சி, ஒரு மாசத்துக்கு முந்தி சரிபாத்து வச்ச துண்டு அது. திரும்பப் பாக்கணும்னு அவளுக்கு எதுக்குத் தோணும்? லிந்துலையிலருந்து நீங்க போன் எடுத்த பொறவுதான் பாத்தா. பாத்துட்டு ஏம் பக்கம் திரும்பினா. ஏசுவான்னு இருந்தேன். வீட்டுல இருந்த பேனா அத்தனையும் பொறுக்கி எடுத்து அலுமாரியில வச்சிப் பூட்டிட்டா. பொறவு போய் ஒங்களுக்கு ஒரு கடிதம் அடிச்சா.

அந்தக் கடிதத்த நான் வாசிச்சேன். ஆமா, அடுத்தவங்க கடிதத்த வாசிக்கிறது பாவம், அதுக்குத் தனியாப் பாவசங்கீர்த்தனம் செஞ்சிக்கிறேன். “தவறு என்னுடையது, நான் கவனக்குறைவாக எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டேன்”னு எழுதி வச்சிருக்கா. அப்பாவோட கையப் பாத்து எழுதின எட்டு வரிய, தானே கெடுத்ததா எழுதி வச்சிருக்கா. அம்மா மேல ஒரு சொல்லு வரக் கூடாதாம். நீங்க வந்ததும் கையில குடுக்க, அந்த மேசையில கவர்ல வச்சிட்டுப் போயிருக்கா.

ரோல்ஸ் இந்த முக்குக் கடையிலயே இருக்கு தம்பி. நான்தான் டவுன்லதான் ருசின்னு அவள அனுப்பினேன்.

கம்பியூட்டர வெளி ஆள் தொட விட்டது தப்புன்னு நீங்க சொல்லுவீங்க. சொல்லுங்க, அது நியாயம். அதுக்கு ஒரு பூட்டு வாங்கிக் குடுங்க, அவ போட்டுக்குவா, சாவிய எனக்குக் காட்ட வேணாம். ஆனா பதினால அவ அடிக்கல. மாதா சாட்சி, நான் அடிச்சேன். நிரந்தரம் குடுக்கிறதும் குடுக்காததும் ஒங்க பாடு. பொய்யான காரணத்துக்குக் குடுக்காம விட்டுடாதீங்க.

கேட் சத்தம். அவதான். கவர எடுத்துக்கங்க, சட்டுனு. இப்பவே பிரிச்சிப் பாருங்க. எழுத்து தடிப்பா இருக்கும், பேனா இல்ல, இவரோட தச்சுப் பெட்டியிலருந்து பென்சில் எடுத்துத் திருத்தினேன். “தவறு என்னுடையது”ங்கிறத வெட்டி “தவறு என் அம்மாவுடையது”ன்னு போட்டிருக்கேன். பக்கத்துல “விவரத்துக்குப் பின்பக்கம் பார்க்க”ன்னும் போட்டிருக்கேன்.

திருப்பிப் பாருங்க தம்பி. இந்தத் தடவ இருக்கு.