அமுது செய்த கல்

விடியற்காலை மூன்று மணி. உத்திரமேரூர் தாண்டிய சாலை. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் அறுத்துப் போட்ட வயல். கண்ணுக்கெட்டிய வரை ஒரு விளக்கு கிடையாது... ஒரே ஒரு கார் மட்டும் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

பின்சீட்டில் ஓர் அம்மாள். மடியில் பித்தளைச் சம்புடம். அதன் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். உள்ளே சத்தம் கேட்டது. சளக்... கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை... மறுபடியும், சளக்.

நம் சுகாசினி இருக்கிறாளே, அவளுடைய நாத்தனார்தான் அந்த அம்மாள். பெயர் அம்ருதவல்லி. சின்ன காஞ்சிபுரத்துக்காரி. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது.

"ஏம்மா, பின்னாடி எதுனா தண்ணி கொட்டிச்சா?" என்று கேட்டான் டிரைவர் சத்யராஜ். "என் கால்கிட்ட வரைக்கும் ஈரமா இருக்குது."

"இல்லைப்பா. நீ ஓட்டு."

"கருவாட்டு நாத்தம் வேற அடிக்குது. ஐயர் வூட்டு அம்மா கருவாடு வாங்கிக்கினு வந்திருக்கவும் மாட்டீங்க..." அவனே சொல்லி அவனே சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. சம்புடத்தின் மூடி உள்ளங்கைக்கு அடியில் லேசாக எழும்பி எழும்பி அடங்கியது. சின்னக் குழந்தையின் வயிறு மூச்சுக்கு எழும்புமே, அப்படி.

அதற்குள் இருந்தது ஒரு கல்.

அம்ருதவல்லியின் கணவர் பராங்குசம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு சாளக்கிராமம் இருந்தது. கண்டகி நதியில் கிடைக்கும் கறுப்புக் கல். உள்ளே சக்கரம் சக்கரமாகச் சுழி இருக்கும். அதைப் பெருமாளாகவே வைத்துப் பூஜை செய்வார்கள். பாகம் பிரித்தபோது மூத்தவர் என்று அது அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இவருக்குத் தீராத குறை. "ஆள் குடிவராத வீடு மாதிரி இருக்குடி நம்ம ஆம்" என்பார்.

மாசி மாதம், பெண் லக்ஷணாவும் மாப்பிள்ளை வசிஷ்டும் பெங்களூரிலிருந்து வந்து, இவர்களைக் கல்நத்தத்துக்கு அழைத்துப் போனார்கள். சின்னக் கடலோர ஊர். சின்ன ஊர்தான் என்றாலும் அந்தக் கடலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். கடல் வற்றுவதை அங்கே வத்தம் என்பார்கள்; அப்போது தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அடியில் கிடக்கும் பாறை முழுக்க வெளியே வரும். அந்தப் பாறை நிறையக் கல்லாகிப் போன சங்கு, கல்லாகிப் போன நண்டு, கல்லாகிப் போன நத்தை. ஏத்தம், அதாவது கடல் ஏறும் நேரம், வந்தால் எல்லாம் மறுபடி தண்ணீருக்குள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையில் நடந்த பராங்குசம், திடீரென்று குனிந்து கறுப்பாக, உருண்டையாக ஒன்றை எடுத்தார்.

"அம்ருதம், இங்க வந்து சேவிச்சுக்கோ!"

வசிஷ்ட் எட்டிப் பார்த்தான். "மாமா, அது ஃபாசில். அந்தக் காலத்து நத்தை, கல்லாகிடுத்து."

"கண்டகியில வர்றதும் இதே நத்தைதான்னு நீங்கதானே மாப்பிள்ளை போன தடவை சொன்னேள்?"

"சொன்னேன்... ஆனா..."

"சக்கரம் இருக்கா? இருக்கு. வதனம் இருக்கா? இதோ." கல்லின் பக்கவாட்டில் இருந்த சின்ன வாயைக் காட்டினார். "அப்புறம் என்ன ஆனா?"

"ஏன்னா, யார் கால்ல மிதிபட்டதோ, என்னமோ..." என்றாள் அம்ருதவல்லி.

"நான் போய் எடுக்கலைடி. தானா வந்து என் கால்ல இடிச்சார்."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து அப்படிச் சிரித்தார்.

பிள்ளையார்பாளையத்தில் தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டுத் துண்டு ஒன்றை வாங்கி வந்து கல்லுக்குக் கட்டினார். தினமும் திருமஞ்சனம், துளசி, தளிகை. சாதத்தை முன்னால் வைத்து, திரையை இழுத்துவிட்டு மணி அடிப்பார். பெருமாள் அமுது செய்கிறார் என்று அர்த்தம். திரையைத் திறந்தால் சாதம் வைத்தபடியே இருக்கும். அதைத்தான் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவது. பராங்குசம் அதிலும் ஒரு படி மேலே போய், பெருமாளுக்குக் காட்டாத ஒரு பருக்கையும் இனி வாயில் வைப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார்.

முதலில் தீர்த்தம் கரித்தது. "துளசியில் உப்பு ஏறியிருக்கும்" என்றார்.

அப்புறம் வாசனை. பூஜை அறையில் சேறும் பாசியும் கலந்த நாற்றம் சில வேளைகளில் குப்பென்று வரும், போகும். அது வரும் நேரங்களைப் போனில் கேட்டுக்கொண்ட லக்ஷணா, வசிஷ்டிடம் விசாரித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அவர் பார்த்துட்டார். அந்த நாத்தம் வர்ற நேரமும் கல்நத்தத்துல கடல் ஏறற நேரமும் ஒண்ணா இருக்காம்."

"நம்ம ஊருக்கும் கடலுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அதைத்தான் அவரும் கேக்கறார்."

ஒருநாள் திரையைத் திறந்தபோது சாதக் குவியலின் உச்சியில் சின்னக் குழி. ஒரு பிடி இல்லை.

மறுநாள் பாதி இல்லை. அதற்கடுத்து... தட்டு கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஈரமாக. விளிம்பில் வெள்ளையாய் உப்பு.

அம்ருதவல்லி தட்டைத் தொடாமல் பின்வாங்கினாள். பராங்குசமோ ஆனந்தத்தில் அழுதார். "நிஜமாவே அமுது செய்யறார்டி! எந்த ஆத்துல இந்த பாக்கியம் கிடைக்கும்?"

"அப்போ நீங்க என்ன சாப்பிடுவேள்?"

"அவர் வெச்ச மிச்சம்."

"மிச்சமே இல்லையே!"

"அப்போ இன்னும் கொஞ்சம் கூட வடி."

கூட வடித்தாள். அதுவும் போயிற்று. பெரிய வெண்கலப் பானையை இறக்கினாள். அதுவும் போயிற்று. திரைக்கு அந்தப் பக்கம், மணிச் சத்தத்துக்கு நடுவே, மணலை மெல்வது போல நறநறவென்று கேட்கும். திரையைத் திறந்தால் கல் சமர்த்தாக, பட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பராங்குசம் வற்றிக்கொண்டே வந்தார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, படுக்கையில் விழுந்துவிட்டார். பூஜையை மட்டும் விடவில்லை. கல்லைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே கொண்டு வரச் சொல்லி, அங்கேயே ஒரு திரையும் கட்டச் செய்து, படுத்தபடியே மணி அடித்தார். லக்ஷணா ஓடி வந்தாள். வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்.

"பெருமாளுக்குக் காட்டாம எப்படி?" என்றார் பராங்குசம்.

லக்ஷணாவுக்குக் கோபம். "அப்பா, அந்த பாட்டிலைத் திரைக்குப் பின்னாடி வெச்சு, மணியடிச்சுட்டு ஏத்திக்கோங்கோ! யார் வேண்டாங்கறா?"

கேலியாகத்தான் சொன்னாள். அவர் அப்படியே செய்தார்.

திரையைத் திறந்தார்கள். பாட்டில் காலி. மூடியில் சீல் உடையவில்லை. உள்பக்கம் முழுக்க உப்புப் பூத்திருந்தது.

அதற்குப் பிறகு லக்ஷணா கேலி பேசவில்லை.

அன்று ராத்திரி அம்ருதவல்லி ஒரு காரியம் செய்தாள். கல்லுக்குக் காட்டாமல், தயிர்சாதத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"காட்டியாச்சா?"

"ஆச்சு."

முப்பத்தைந்து வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய். அவர் நாலு வாய் சாப்பிட்டார். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. பிழைத்துவிடுவார்... பிழைத்துவிடுவார் என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே கட்டில் காலில் சாய்ந்து கண்ணயர்ந்தாள்.

சளக்.

விழித்துக்கொண்டாள். ஒரே இருட்டு. நனைந்த பாதம் தரையில் பட்டுப் பட்டு எடுக்கிற மாதிரி... சளக்... சளக்... சமையல் அறைப் பக்கம் போயிற்று. பானை மூடி நகர்ந்தது. காலிப் பானையை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். அப்புறம் அது திரும்பி வந்தது. சேற்று நாற்றம். அவளைத் தாண்டிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்... நின்றது.

தூக்கத்திலேயே பராங்குசம் சொன்னார்: "இரு... இரு. தரேன்."

அவள் அலறிக்கொண்டு விளக்கைப் போட்டாள். யாரும் இல்லை. தரையில் ஈரம். அவர் வயிறு உள்ளே ஒட்டி, முதுகைத் தொட்டுவிடும் போலக் கிடந்தது. திரையை இழுத்தாள். கல்லின் வாயில், அந்தச் சின்ன வதனத்தின் ஓரத்தில், ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

தயிர்சாதப் பருக்கை.

அவள் யாரையும் கேட்கவில்லை. பெருமாளோ, வேறு யாரோ, வந்த இடத்துக்கே போகட்டும். பட்டை அவிழ்த்தாள், கல்லைச் சம்புடத்தில் போட்டாள். "அப்பா பக்கத்துலயே இரு" என்று லக்ஷணாவிடம் சொன்னாள். சத்யராஜுக்குப் போன் செய்தாள்.

அந்தக் கார்தான் உத்திரமேரூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கல்நத்தம் போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. கடலோரத்தில் ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், அந்தப் பக்கம் அடிக்கடி சவாரி வந்து பழகிய சத்யராஜ் கேட்டான்: "ரேணுகாம்பாக்கா, கடல் வத்தியிருக்குதா?"

"வத்திக்கினுதான் இருக்குது. சட்டுனு திரும்பிடும். இந்நேரத்துல யாருப்பா?" என்று எட்டிப் பார்த்தவள் சம்புடத்தைப் பார்த்தாள். "கல்லா?"

"எடுத்துண்டு போயிட்டோம். தப்பா?" என்றாள் அம்ருதவல்லி.

"தப்பு இன்னாமா... வர்றவங்க எல்லாம்தான் எடுத்துக்கினு போறாங்க. அலமாரில வெப்பாங்க. ஒண்ணும் ஆவாது." அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: "சோறு கீறு வெச்சீங்களா?"

அம்ருதவல்லி தலையாட்டினாள்.

ரேணுகாம்பாள் ஊதுவதை நிறுத்தினாள். "எவ்ளோ நாளு?"

"தெனமும்."

"யாரு கையால?"

"எங்காத்துக்காரர்."

"அவரு எங்க?"

"எழுந்து நிக்கவே முடியலைம்மா. ஆத்துல படுத்திண்டிருக்கார்."

"அவரையும் கூட்டிக்கினு வந்திருக்கணும் மா. இவ்ளோ நாளு அவரு கையால தின்னுக்கினு இருந்துச்சே. இதுல எது எதுன்னு இப்ப யாரு பிரிச்சுப் பாக்கறது?"

"புரியலையேம்மா. என்ன சொல்றே?"

ரேணுகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீயும் போடவில்லை. அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, கடையின் தட்டியை இறக்கினாள்.

மறுபடி காஞ்சிபுரம் போய், அவரைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? அதற்குள் அந்த உடம்பில் உயிர் இருக்குமா? அம்ருதவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறையில் இறங்கினாள். சத்யராஜ் செல்போன் விளக்கைக் காட்டிக்கொண்டு கூட வந்தான். காலடியில் எல்லாம் கல் நத்தை, கல் நண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் தண்ணீர். அவர் குனிந்த இடம் இதுதான் என்று தோன்றிய இடத்தில் சம்புடத்தைச் சாய்த்தாள். கல் உருண்டு ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

சத்தம் நின்றது.

எத்தனை நாளைக்குப் பிறகு அப்படி ஓர் அமைதி! அவள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதிருப்பாள். சத்யராஜ் விடவில்லை. "அம்மா, திரும்பிடுச்சு. வாங்க, வாங்க." குதிகாலைத் தண்ணீர் தொட்டது. மூச்சு வாங்க நடந்து மணலில் ஏறினார்கள். கிழக்கே லேசாக வெளுத்தது. திரும்பிப் பார்த்தால் பாறை பாதி முழுகிவிட்டது.

போன் அடித்தது. லக்ஷணா. அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை.

"அம்மா! அப்பா எழுந்துண்டுட்டார்மா! தானா எழுந்து, நடந்து சமையல் உள்ளுக்கே வந்துட்டார்!"

"பெருமாளே..." அம்ருதவல்லி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏதாவது கேட்டாரா?"

"பசிக்கறதுன்னார். கல்லைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. காட்டியாச்சான்னுகூடக் கேக்கலை. தரையில உட்கார்ந்து சாப்பிட்டுண்டே இருக்கார்மா. ஒரு பானை ஆச்சு. இப்ப மறுபடி வடிச்சுக் கொட்டியிருக்கேன்."

"போடுடி. கேக்கறதெல்லாம் போடு. திட்டாதே, தடுக்காதே."

"அம்மா..." லக்ஷணாவின் குரல் சட்டென்று இறங்கியது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி. "ஒண்ணு கேக்கறேன். அப்பா எப்பலேர்ந்து இடது கையால சாப்பிடறார்?"

அம்ருதவல்லியின் காதில் போன் இருந்தது. அந்தப் பக்கம் நறநறவென்று மெல்லும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இரண்டடி முன்னால் போன சத்யராஜ் நின்றுவிட்டான். தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். மெல்லத் திரும்பினான்.

"ஏம்மா... உங்க பேரு அம்ருதமா?"

"ஏன்பா?"

அவன் கடலைக் காட்டினான். பாறை இருந்த இடம் தெரியாமல் தண்ணீர் மூடிவிட்டது.

"உள்ளேருந்து ஒரு பெரியவரு கூப்பிட்டுக்கினே இருக்காரு மா. பசிக்குதுன்றாரு."