நான்காவது கட்டம்

நல்ல பியானோ டீச்சரைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. விசாரித்தால் எல்லோரும் தங்கள் டீச்சரைத்தான் உசத்தி என்பார்கள். அதனால் இசைத் தேர்வு நடக்கும் கட்டடத்தின் வாசலில் போய் நின்றேன். வெளியே வரும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். பல பேர் அழுதுகொண்டு வந்தார்கள். மூன்று பேர் மட்டும் கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களைப் போல வந்தார்கள். மூவருக்கும் ஒரே டீச்சர்.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. குழந்தையில் பக்கவாட்டில் தவழ்வாள், அதனால் வீட்டில் அவளுக்கு நண்டு என்று பெயர். ஏற்கெனவே ஒரு வாத்தியாரிடம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும், ஸ்கேல் என்கிற சுரவரிசைப் பயிற்சியின் சத்தம் வராது. அவரை நிறுத்தினேன்.

புது டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். வலது கை மோதிர விரல் நீட்ட வராமல் வளைந்தே இருந்தது.

"உங்ககிட்ட வந்தா பாஸ் நிச்சயம்னு சொல்றாங்க" என்றேன்.

"பாஸ் பண்றது பசங்க வேலை சார். ஓட்டை இல்லாம தயார் பண்றது மட்டும்தான் என் வேலை. இதைப் பிடிங்க."

கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம். ஸ்கேல், பாடம், நிமிடம், வலி. முதல் மூன்றும் புரிந்தன. நான்காவதைக் காட்டி, "இது எதுக்கு?" என்றேன்.

அவர் வளைந்த விரலைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு. பரீட்சை நேரத்துல நான் மறைச்ச வலி இது. விரலோ, முதுகோ, கால் பெருவிரலோ, எங்க வலிச்சாலும் பிள்ளையே தன் கையால எழுதணும். நீங்க கையெழுத்துப் போடணும். ரெண்டு வாரம் தொடர்ந்து வலின்னு வந்தா டாக்டர் சீட்டு இல்லாம பியானோ மூடியைத் திறக்க விட மாட்டேன். பரீட்சை நாளைக்கே இருந்தாலும் சரி."

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். முறையாக வேலை செய்கிறவர்களைக் கண்டால் மரியாதை தானாக வரும்.

ஒரு வருடம் நன்றாகப் போனது. நண்டு சனிக்கிழமை காலையில் மேசையில் உட்கார்ந்து பென்சிலால் நோட்டை நிரப்புவாள். நான்காவது கட்டத்தில் "இல்லை" என்று எழுதி, கீழே ஒரு சிரித்த முகம் வரைவாள். நான் கையெழுத்துப் போடுவேன்.

தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போது அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, நான்கு நாளில் சரியானது. அதற்கடுத்த வாரம் நான்காவது கட்டத்தில் "வலது முட்டி" என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுவாரம் "இடது மணிக்கட்டு" என்று எழுதினாள்.

"போன வாரம் முட்டி, இந்த வாரம் மணிக்கட்டா? வலி என்ன பஸ்ஸா, ஸ்டாப் ஸ்டாப்பா நிக்கிறதுக்கு?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நாளைக்கு மூக்குல நிக்கும்ப்பா."

ரப்பரை எடுத்து அதை அழித்தேன். "இல்லை" என்று எழுதினேன், அவள் எழுத்தைப் போலவே, சாய்வாக. தேர்வாளர் வருடத்துக்கு இருமுறைதான் வருவார். என் மச்சான் மகள் அடுத்த கிரேடு முடித்துவிட்டாள், ஒவ்வொரு முறை வீட்டுக்கு வரும்போதும் மச்சான் அதைச் சொல்லுவார். காரணம் இவ்வளவுதான். பெரிய காரணமாக ஏதாவது இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

டீச்சர் வாயாலும் கேட்பார். "எங்கயாவது வலிக்குதாடா கண்ணு?" நான் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பேன். நண்டு என்னை ஒரு தடவை பார்ப்பாள். பிறகு, "இல்ல டீச்சர்" என்பாள். அப்படிச் சொல்லும்படி அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த ஒன்றை நீண்ட நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் அழிக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சனிக்கிழமைதோறும் உண்மையைத்தான் எழுதினாள். எழுதிவிட்டு நோட்டையும் ரப்பரையும் சேர்த்து என் பக்கம் நகர்த்துவாள். ஆறு வாரத்தில் ஐந்து முறை அழித்தேன்.

தேர்வறையிலிருந்து அவளும் கடைக்குப் போய்விட்டு வருகிறவளைப் போலத்தான் வந்தாள். மாடிப்படியில் மட்டும் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். பதினொரு நாள் கழித்து மூச்சு விட முடியாமல் மருத்துவமனையில் சேர்த்தோம். நான்கு நாள் இருந்தாள்.

மூன்றாம் நாள் டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார். "தொண்டைப் புண்ணுல ஆரம்பிச்சு மூட்டு மூட்டா தாவி இதயத்துக்குப் போயிருக்கு. முட்டி, மணிக்கட்டுன்னு இடம் மாறி மாறி வலிச்சிருக்குமே? முன்னாடியே வந்திருந்தா மருந்து இருந்துச்சும்மா."

"அப்படி எதுவும் இல்லீங்க டாக்டர்" என்றாள் என் மனைவி. "வாரா வாரம் நோட்டுல எழுதுவா. இல்லைன்னுதான் எழுதியிருக்கா. வேணும்னா இவரைக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

எல்லாம் முடிந்த மறுநாள், வகுப்பில் தங்கிப்போன நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். என் மனைவி அவரை வாசலிலேயே நிறுத்தினாள். "பரீட்சை பரீட்சைன்னு என் புள்ளையப் பிழிஞ்சு எடுத்துட்டீங்களே. வலிக்குதுன்னு சொல்லக்கூட பயப்படுற மாதிரி வச்சிருந்தீங்களே."

"வாரா வாரம் கேட்டேம்மா" என்றார் டீச்சர். "எனக்குக் கேக்கத் தெரியாமப் போச்சு."

அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

அந்த மாதமே அவர் வாசல் பலகையைக் கழற்றிவிட்டார். இருபது பிள்ளைகளை வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பினார். அந்தத் தெரு வழியாகத்தான் நான் வேலைக்குப் போகிறேன். ஜன்னல் வழியே பியானோ தெரியும். மேலே ஒரு போர்வை கிடக்கும்.

தேர்வு முடிவு தபாலில் வந்தது. சிறப்புத் தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் குறைவு. "கடைசிப் பகுதியில் இடது கை சற்றுப் பின்தங்குகிறது" என்று தேர்வாளர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஒரே ஒரு மதிப்பெண்தானே என்றுதான் தோன்றியது.

நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பென்சில் எழுத்தை அழித்தாலும் அழுத்தம் தாளில் தங்கிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் படிக்கலாம். மணிக்கட்டு. கணுக்கால். இடது முட்டி. கடைசிச் சனிக்கிழமை இடத்தின் பெயர் இல்லை, இரண்டு வரி இருக்கிறது. "படுத்தா மூச்சு வாங்குது. அப்பாவுக்குத் தெரியும்."

தெரியும். அதைப் படித்துவிட்டுத்தான் அழித்தேன்.

இதை முதலில் என் மனைவி படிக்க வேண்டும், அடுத்து டீச்சர். எழுதத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இது ஆறாவது பிரதி. முந்தைய பிரதியில் நாற்காலி போட்டதை எழுதாமல் விட்டிருந்தேன், அதற்கு முந்தையதில் தேதிகள் முன்பின்னாக இருந்தன. இதிலும் இரண்டு இடங்கள் சரியாக வரவில்லை. இன்னும் ஒருமுறை சுத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவேன்.